பாட்டி வீட்டு போட்டோவும் பன்னிரண்டாம் கம்பெனியும்: பழைய படைப் பட்டியல்களை நெட்டில் தேடுவது எப்படி?

போன செமஸ்டர் லீவில் ரூம்மேட் வீட்டுக்குப் போயிருந்தேன். வாலாஜாப்பேட்டை பக்கத்தில் ஒரு கிராமம். கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ. காக்கி உடுப்பில் ஒல்லியாக ஒரு ஆள், வயசு இருபத்தஞ்சு இருக்கும். அவனோட பாட்டிக்கு அப்பா. "பர்மா சண்டையில போயிட்டாருப்பா, நான் அப்போ கைக்குழந்தை" என்றார் பாட்டி. எந்த ஊரில், எந்தத் தேதியில், எதுவும் தெரியாது. தேதி தெரியாததால் எண்பது வருஷமா அவருக்குன்னு தனியா திதி கிடையாது. மகாளய அமாவாசை அன்னைக்கு எல்லாரோடயும் சேர்த்து ஒரு எள்ளும் தண்ணியும், அவ்வளவுதான்.

போட்டோவைக் கழற்றித் துடைக்கும்போது பின்பக்கம் பென்சிலில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. '12', அப்புறம் 'எஃப்.டி.', அப்புறம் 'கோய்' மாதிரி ஒரு வார்த்தை, கடைசியில் 'க்யூ.வி.ஓ. எம். எஸ். அண்ட் எம்.' "கோய்னா என்னடா, கோயம்புத்தூரா?" என்றான் ரூம்மேட். சிரிச்சோம். ஆனா அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டு மூணு ராத்திரி நெட்டில் அலைஞ்சதில் நாங்க கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இப்படி ஒரு மெடலோ கடிதமோ கிடக்கலாம். அல்லது சும்மா போர் வரலாறு பிடிக்கும் என்றாலும் சரி, படிங்க.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடறேன். 'ஆர்டர் ஆஃப் பேட்டில்' என்பதைப் பார்த்ததும் தளபதி போட்ட கட்டளைன்னு நினைச்சிடாதீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். இங்கே ஆர்டர் என்றால் வரிசை. ஒரு போரில், ஒரு குறிப்பிட்ட நாளில், எந்தெந்தப் படைப்பிரிவு யாருக்குக் கீழே இருந்தது, தளபதி யார், பலம் எவ்வளவு என்று சொல்லும் பட்டியல். நம்ம பாரதக் கதையில் கௌரவர் பக்கம் பதினோரு அக்குரோணி, பாண்டவர் பக்கம் ஏழு என்று வரும். ஒரு அக்குரோணிக்கு 21,870 தேர், அதே எண்ணிக்கை யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள் என்று கணக்கும் வரும். அதுவும் ஒருவகையில் படைப் பட்டியல்தான்.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிச்ச நமக்கு இது சுலபம். இது ஒரு ட்ரீ. உச்சியில் ஆர்மி குரூப், அதுக்குக் கீழே ஆர்மி, கோர், டிவிஷன், பிரிகேட், பட்டாலியன், கம்பெனி. நம்ம கையில் இருந்தது ஒரு இலை: 12 ஃபீல்ட் கம்பெனி. ('கோய்' என்பது கம்பெனியின் சுருக்கம்!) இலையிலிருந்து மேலே ஏறிப் போனால் டிவிஷன் கிடைக்கும், டிவிஷன் கிடைத்தால் போர்க்களம் கிடைக்கும், போர்க்களம் கிடைத்தால் தேதி. தேடல் முழுக்க இந்த ஏறுதல்தான்.

ஏறுவதற்கு முன்னாடி நாங்க ரெண்டு தடவை வழுக்கி விழுந்தோம். 'எம்.' என்றால் மெட்ராஸ், அப்போ மெட்ராஸ் ரெஜிமென்ட்தான்னு முடிவு பண்ணி ஒரு ராத்திரி முழுக்க அந்தக் காலாட்படை பட்டாலியன்களையே தோண்டினோம். தப்பு. 'எஸ். அண்ட் எம்.' என்பது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். முழுப்பெயர், குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது இவங்க வேலை. நம்ம ஆளுங்க, இன்ஜினியர்ஸ்! இன்னைக்கு பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்தான் இதன் வாரிசு. ரெண்டாவது தப்பு, கம்பெனியை பிரிகேட் பட்டியல்களில் தேடியது. சாதாரணமா ஒரு பிரிகேடுக்குக் கீழே மூணு காலாட்படை பட்டாலியன்தான் போட்டிருக்கும். சாப்பர்ஸ், பீரங்கி, சிக்னல்ஸ், மருத்துவம் எல்லாம் பட்டியலின் கடைசியில் 'டிவிஷனல் ட்ரூப்ஸ்' என்ற தலைப்பில் இருக்கும். அவசரத்தில் அந்தப் பகுதிக்கு ஸ்க்ரோல் பண்ணாமலே விட்டுடுவோம்.

சரி, எங்கே தேடுவது?

உலகத்திலேயே பெரிய இலவசக் குவியல்களில் ஒன்று நாஃப்சிகர் கலெக்‌ஷன். ஜார்ஜ் நாஃப்சிகர் என்ற அமெரிக்க வரலாற்றாளர் பல வருஷமாகத் தொகுத்தது. 1600-களில் ஆரம்பித்து 1945 வரை, ஆயிரக்கணக்கான படைப் பட்டியல்கள். அதை அப்படியே கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் லெவன்வொர்த் ராணுவத் தளத்தில் இருக்கும் நூலகத்துக்குக் கொடுத்துட்டார். அவங்க பி.டி.எஃப். ஆக்கி இணையத்தில் போட்டிருக்காங்க. ஃபைல் பெயரைப் பார்த்து பயப்படாதீங்க. முதல் மூணு இலக்கம், வருஷத்தின் கடைசி மூணு இலக்கம். 812 என்று ஆரம்பித்தால் 1812, நெப்போலியன் ரஷ்யாவுக்குப் போன வருஷம். 944 என்றால் 1944. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்ப்பது வேலைக்கு ஆகாது. முதலில் இண்டெக்ஸ் பி.டி.எஃப்.-ஐ இறக்கி அதுக்குள்ளே தேடுங்க. இதிலிருக்கும் தகவல் வேறு புத்தகங்களிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் எடுத்து டைப் செய்தது. அதனால் ஃபைலின் அடியில் மூலம் என்ன சொல்லியிருக்குன்னு பார்த்துட்டு நம்புங்க.

ரெண்டாம் உலகப் போருக்கு மட்டும் என்றால் லியோ நீஹோர்ஸ்டரின் தளம் இருக்கு. பார்க்க 90-களின் வெப்சைட் மாதிரிதான் இருக்கும், ஆனா விஷயம் கெட்டி. நாடு வாரியாக, தேதி வாரியாக க்ளிக் பண்ணி உள்ளே இறங்கலாம். பிரிட்டிஷ் இந்திய ராணுவமும் இருக்கு.

அடுத்தது நம்ம நாட்டு அதிகாரபூர்வ வரலாறு. ரெண்டாம் உலகப் போரில் இந்தியப் படைகள் பற்றி பிஸ்வேஸ்வர் பிரசாத் பொதுப் பதிப்பாசிரியராக இருந்து பல தொகுதிகள் வந்திருக்கு. அதில் இத்தாலிப் போர் பற்றி தரம் பால் எழுதிய தொகுதி 1960-ல் வெளியானது. இந்தத் தொகுதிகளின் ஸ்கேன் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கும். இப்படிப்பட்ட புத்தகங்களில் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீங்க. நேரா கடைசிக்குப் போய் பின்னிணைப்பைத் திறங்க.

எங்களுக்கு வழி திறந்தது அங்கேதான். 12 ஃபீல்ட் கம்பெனி, 4-வது இந்திய டிவிஷனின் இன்ஜினியர்களில் ஒன்று. கூட இருந்தவை, வங்காள சாப்பர்ஸின் 4-வது, பம்பாய் சாப்பர்ஸின் 21-வது ஃபீல்ட் கம்பெனிகள். அப்புறம் இன்னொரு மெட்ராஸ் பிரிவு, 11 ஃபீல்ட் பார்க் கம்பெனி. அந்த டிவிஷன் பர்மா பக்கமே போகலை. எரித்ரியா, வட ஆப்பிரிக்கா, அப்புறம் 1944-ல் இத்தாலியில் மான்டே கசினோ. குடும்பத்தில் யாரோ எப்பவோ 'பர்மா'ன்னு சொல்லியிருக்காங்க, மெட்ராஸ் சிப்பாய்கள் நிறைய பேர் அங்கே போனதால் அதுவே நிலைச்சுப் போச்சு.

இப்போ மரத்தில் இன்னும் மேலே ஏறிப் பாருங்க, ஏன் இந்தப் பட்டியல் முக்கியம்னு புரியும். 1944 பிப்ரவரியில் 4-வது இந்திய டிவிஷன் இருந்தது ஃப்ரைபெர்க்கின் நியூசிலாந்து கோருக்குக் கீழே. அந்தக் கோர், அமெரிக்க ஜெனரல் மார்க் கிளார்க்கின் ஐந்தாவது ஆர்மிக்குக் கீழே. அதுக்கு மேலே அலெக்சாண்டரின் 15-வது ஆர்மி குரூப். வட ஆர்க்காட்டு ஆள் ஒருத்தர், நியூசிலாந்துக்காரருக்குக் கீழே, அமெரிக்கருக்குக் கீழே, இத்தாலி மலையில்! அப்போ அவரைப் பற்றிய ஆவணம் டெல்லியிலும் லண்டனிலும் மட்டும் இருக்காது. வெலிங்டனிலும் வாஷிங்டனிலும் இருக்கும். நியூசிலாந்துக்காரங்க தங்கள் போர் வரலாற்றுத் தொகுதிகளை வெலிங்டன் பல்கலைக்கழகத்தின் மின்னூல் தொகுப்பில் முழுசா, தேடக்கூடிய எழுத்தாகவே போட்டிருக்காங்க. அதில் என்.சி. ஃபிலிப்ஸ் எழுதிய சாங்ரோ முதல் கசினோ வரையிலான தொகுதியைத் திறந்து 'இண்டியன்' என்று தேடினால், நம்ம டிவிஷன் என்ன செஞ்சதுன்னு நாள் வாரியாக வருது. அமெரிக்கத் தரப்புக்கு ப்ளூமென்சன் எழுதிய 'சலெர்னோ டு கசினோ', அதுவும் இலவசம். இந்திய சாப்பர்ஸும் நியூசிலாந்து இன்ஜினியர்களும் மலை மேலே டாங்க் போற அளவுக்கு ஒரு பாதையை அகலப்படுத்தினாங்க, கேவண்டிஷ் ரோடுன்னு பேர். ஜெர்மானியர் கண்ணில் படாமல் மறைப்பு கட்டிக்கிட்டு செஞ்ச வேலை. மார்ச் 19 அன்னைக்கு அந்தப் பாதையில் டாங்குகள் ஏறிப் போச்சு. ஆனா கூடப் போக காலாட்படை இல்லாததால் தாக்குதல் தோத்துப் போச்சு. சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கண்டிப்பா படிக்கணும்.

பட்டியலில் பக்கத்து வரியையும் விடாதீங்க. அந்த 11 ஃபீல்ட் பார்க் கம்பெனியில் இருந்தவர்தான் சுபேதார் சுப்ரமணியன். 1944 பிப்ரவரி 24, மின்யானோ என்ற ஊருக்குப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப் போன ஒன்றின் மேல் தானே விழுந்து கூட இருந்தவங்களைக் காப்பாத்தினார். ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தாங்க. காஞ்சிபுரம் பக்கத்து ஆள். லண்டன் கெசட் இணையதளத்தில் விருது அறிவிப்பை இன்னைக்கும் இலவசமாகத் தேடிப் படிக்கலாம். எங்க காலேஜில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்னு கேட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே எழுத வேண்டாம்.

பட்டியலைப் படிப்பதில் சில பொறிகள் இருக்கு. முக்கியமானது தேதி. படைப் பட்டியல் என்பது ஒரு நாளின் ஸ்க்ரீன்ஷாட், அவ்வளவுதான். இதே டிவிஷனின் 11-வது பிரிகேட் 1942 ஜூனில் தோப்ரூக்கில் மொத்தமா ஜெர்மானியரிடம் சிக்கிச்சு. அப்போ அதில் இருந்த இந்திய, கூர்க்கா பட்டாலியன்கள் 2/5 மராட்டா, 2/7 கூர்க்கா. கசினோவில் அதே 11-வது பிரிகேட் என்று நீங்க பார்ப்பது புதுசா எழுப்பினது. நம்பர் அதே, ஆட்கள் வேற. தேதி போடாத பட்டியலை யாராவது அனுப்பினா திருப்பிக் கேளுங்க.

அப்புறம் அந்த சாய்வுக்கோடு. 1/9 கூர்க்கா என்றால் 9-வது கூர்க்கா ரைஃபிள்ஸின் முதல் பட்டாலியன். அப்போ பக்கத்தில் இருக்கும் 1/4 எசெக்ஸ்? 4-வது எசெக்ஸ் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன்னுதானே சொல்வீங்க? இல்லை! எசெக்ஸ் ரெஜிமென்ட் ஒண்ணே ஒண்ணுதான். அதன் 4-வது பட்டாலியன் ரெண்டாகப் பிரிந்ததில் முதலாவது அது. ஒரே பிரிகேடில், அடுத்தடுத்த வரியில், ஒரே குறியீடு ரெண்டு அர்த்தத்தில். ஆபரேட்டர் ஓவர்லோடிங் கண்டுபிடிச்சது சி ப்ளஸ் ப்ளஸ் இல்லை போல.

அதே மாதிரி 7-வது இந்திய பிரிகேடும் 7-வது இந்திய டிவிஷனும் வேற வேற. பிரிகேட் இத்தாலியில், டிவிஷன் பர்மாவில். சர்ச் பாக்ஸில் வெறும் 'செவன்த் இண்டியன்' என்று போட்டால் ரெண்டும் கலந்து வந்து குழப்பும்.

முதல் உலகப் போருக்கும் அதுக்கு முன்னாடிக்கும் போனால் நம்பர் மாற்றம் பெரிய தலைவலி. ஆனா அதில் ஒண்ணு அழகான ஃபார்முலா. 1903-ல் கிச்சனர் சீரமைப்பு செஞ்சப்போ மெட்ராஸ் காலாட்படைகளின் பழைய நம்பரோடு 60-ஐக் கூட்டினாங்க, பம்பாய்க்கு 100. ஆக, 23-வது மெட்ராஸ் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரிதான் 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. 1922-ல் மறுபடி மாத்தி அதை 3-வது மெட்ராஸ் ரெஜிமென்டின் 4-வது பட்டாலியன் ஆக்கினாங்க. ஒரே படை, இருபது வருஷத்துக்குள்ளே மூணு பேர். எந்த வருஷத்து ஆவணத்தில் தேடறீங்களோ அந்த வருஷத்துப் பெயரைப் போடணும்.

இன்னும் பின்னாடி போய், 1803 செப்டம்பர் 23 அசாயே போர் மாதிரி விஷயங்களுக்கு, டபிள்யூ.ஜே. வில்சன் எழுதிய மெட்ராஸ் ராணுவ வரலாறு இருக்கு. 1882 முதல் 1889 வரை மெட்ராஸ் அரசு அச்சகத்தில் வந்த ஐந்து தொகுதிகள், இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். வெல்லெஸ்லியின் சின்னப் படையில் பெரும்பகுதி மெட்ராஸ் சிப்பாய்கள்தான் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். பழைய ஸ்கேன்களில் ஓ.சி.ஆர். கன்னாபின்னான்னு எழுத்தை மாத்தியிருக்கும், 'சிப்பாய்' என்பதற்கே ரெண்டு மூணு ஸ்பெல்லிங் இருக்கும். ஒண்ணில் கிடைக்கலைன்னா இன்னொண்ணு போட்டுப் பாருங்க.

மூல ஆவணங்களே வேணும் என்றால் லண்டன் கியூவில் இருக்கும் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம். அதன் கேட்டலாக் 'டிஸ்கவரி'. படைப் பட்டியல்களுக்கு டபிள்யூ.ஓ. 212 என்ற வரிசை. ஒவ்வொரு பிரிவும் தினமும் எழுதிய போர் நாட்குறிப்புகளுக்கு முதல் உலகப் போர் என்றால் டபிள்யூ.ஓ. 95, ரெண்டாவதில் மத்திய கிழக்கு 169, இத்தாலி 170, பர்மா 172. வரிசை எண்ணைப் போட்டுத் தேடினால் குப்பை குறையும். கேட்டலாகில் தலைப்பு இருப்பதால் ஸ்கேனும் இருக்கும்னு அர்த்தமில்லை. டபிள்யூ.ஓ. 95-ல் நிறைய ஸ்கேன் ஆகியிருக்கு. மத்ததில் பலதும் இன்னும் தாளாகத்தான் இருக்கு.

நம்ம பக்கத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளம் இருக்கு. இலவசமா ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம். பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் வளைகுடா, மெசபடோமியா சம்பந்தப்பட்டவை கத்தார் டிஜிட்டல் லைப்ரரியில் நல்ல தரத்தில் கிடைக்கும். கிடைத்ததை உடனே இறக்கி வச்சுக்கோங்க. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் லைப்ரரி மேல் சைபர் தாக்குதல் நடந்து அவங்க கேட்டலாகே மாசக்கணக்கில் படுத்துடுச்சு. ஆர்வலர்கள் நடத்தும் தளங்கள் நிலைமை இன்னும் மோசம். ரெஜிமென்ட்ஸ் டாட் ஆர்க் என்று ஒரு அருமையான தளம் இருந்ததாம், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் வம்சாவளி போட்டது. எப்பவோ மூடியாச்சு. வேபேக் மெஷினில் அதன் பழைய முகவரியைக் கொடுத்தால் பக்கங்கள் உயிரோடு வருது. டெட் லிங்க் பார்த்ததும் டேப்பை மூடாதீங்க.

கடைசி படி ஆளைக் கண்டுபிடிப்பது. இதுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். ரெண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவு. இங்கே நாங்க பெயரைப் போட்டுத் தேடித் தேடித் தோத்தோம். தமிழ்ப் பெயரை எந்தக் கிளார்க் எப்படி எழுதியிருப்பார்னு சொல்ல முடியாது. ஒரு சுப்ரமணியனுக்கே நாலு ஸ்பெல்லிங் வரும். அதனால பெயரை விட்டுட்டு, இந்தியப் படை, சாப்பர்ஸ், நாடு இத்தாலி, 1944 ஜனவரி முதல் ஜூன் வரை என்று ஃபில்டர் போட்டோம். பட்டியல் ஒரே உட்காரலில் படிக்கிற அளவுக்குச் சுருங்கிச்சு. சில பதிவுகளில் அப்பா பெயர், ஊர், மாவட்டம் இருக்கும். மாவட்டம் அந்தக் காலத்துப் பெயரில்: செங்கல்பட்டு 'சிங்கிள்புட்', தஞ்சாவூர் 'டாஞ்சோர்', திருநெல்வேலி 'டின்னவெல்லி', நம்ம ஆளுக்கு 'நார்த் ஆர்காட்'. ரெண்டாவது பக்கத்தில், ஒரு எழுத்து விட்டுப்போன ஸ்பெல்லிங்கில், அப்பா பெயரும் கிராமத்துப் பெயரும் சரியா, இருந்தார். 12 ஃபீல்ட் கம்பெனி. 1944 மார்ச், மூணாவது வாரம். இத்தாலியில் சாங்ரோ நதிப் பக்கம், எரியூட்டப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கான நினைவிடத்தில் பெயர் பொறிச்சிருக்கு. சுபேதார் சுப்ரமணியன் பெயரும் அதே இடத்தில்தான்.

ராத்திரி ரெண்டரை மணி. ரூம்மேட் ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம், "எரிச்சுதான் இருக்காங்க, இல்ல?" என்றான். ஆமாம் என்றேன்.

காலையில் பாட்டிக்கு போன் போட்டு சொன்னான். இத்தாலி எங்கே இருக்குன்னு அவர் கேட்கலை. "தேதி சொன்னியே, அது என்ன திதிடா?" என்றுதான் கேட்டார். பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடிச்சோம் (அதுவும் ஸ்கேனாகக் கிடைக்குது). சுபானு வருஷம், பங்குனி மாசம், தேய்பிறை. திதியையும் ஊர் ஐயர் ஒருத்தர் சரிபார்த்துக் குறிச்சுக் கொடுத்திருக்கார்.

அந்த மாசத்துப் போர் நாட்குறிப்பில் அன்னைக்கு கம்பெனி என்ன வேலையில் இருந்ததுன்னு ஒரு வரியாவது இருக்கும். டபிள்யூ.ஓ. 170-ல் ஸ்கேன் எதுவும் எங்களுக்குக் கிடைக்கலை. கியூவுக்கு காப்பி கேட்டு எழுதியிருக்கோம். பதில் இன்னும் வரலை.